உபதேசியார் வீட்டம்மா பார்த்த ஆட்டம்

பாலக்கரை மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் நடுவே சுவாமியார் ஓலை வாசிக்க எழுந்தபோது, அக்னஸ் பெண்கள் பக்கத்துக் கடைசித் தூணை ஒட்டி, முக்காட்டை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கலியாணம் செய்துகொள்ளப் போகிறவர்களின் பெயர்களை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். மூன்று வாசிப்பும் தடையில்லாமல் முடிந்தால் கலியாணம். சுவாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாகப்பட்டணம் காலஞ்சென்ற மரியநாதன் மகன், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் இருதயநாதனுக்கும், மாயவரம் காலஞ்சென்ற பேண்டு வாத்தியம் தேவசகாயம் மகள் அக்னஸுக்கும் என்று வாசித்தார். தன் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்து ஒருவர் உரக்கச் சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. திருச்சிராப்பள்ளியில் அவளுக்கு வேறு பெயர். சுவரொட்டியிலும் ஜட்கா வண்டியில் பறை தட்டிக்கொண்டு போகிறவன் வீசும் நோட்டீஸிலும் அவள் மிஸ் ரோஜா. அதனால் கோயிலில் யாருக்கும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு யாரோ ஒருத்தி பக்கத்துக்காரியின் காதில் குனிந்தாள். அவள் அடுத்தவளிடம் குனிந்தாள். பாயை உதறினாற்போல் ஒரு சலசலப்பு தூண்வரைக்கும் வந்து, அக்னஸின் முழங்கால் அருகே நின்றது.

அது ஊமைப்படம் ஓடிய நாட்கள். பேசும் படம் வரப்போகிறதாம் என்று பேச்சு மட்டும் வந்திருந்தது. கோட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பொட்டலில் ரங்கசாமி முதலியார் கூடாரக் கொட்டகை போட்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படக்கருவி. ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போட்டுவிட வேண்டும். விளக்கு எரிந்தால் தரை டிக்கெட் கூட்டம் சும்மா இருக்காது, மணலை வாரி ஒருவர்மேல் ஒருவர் போடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அக்னஸ். அப்துல் சலாம் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை எடுப்பார். திரைக்கு முன்னால் போட்ட பலகை மேடையில் அவள் வந்து நிற்பாள். கவுன் போட்டுக்கொண்டு ஓர் இங்கிலீஷ் டான்ஸ். கூடை இடுப்போடு ஒரு குறத்தி டான்ஸ். ஒருத்தியே மாமியாரும் மருமகளுமாக மாறி மாறி ஆடும் ஒரு வேடிக்கை. கடைசியில், இடுப்பில் கை வைத்து நின்று பெஞ்சு டிக்கெட்டைப் பார்த்துக் கண்ணடிக்கிற ஆட்டம். முதலியார் கொட்டகை அந்தக் கண்ணடிப்பால்தான் நடந்தது என்று ஊரில் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். கண்ணை மூடித் திறக்கிற அந்த நேரத்தில் அவள் மனசில், நாளைக்குக் கத்தரிக்காய் வாங்குவதா அவரைக்காய் வாங்குவதா என்பதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் கொட்டகைக்கு வெளியே அந்தக் கண்ணை அவளோடு சேர்த்தே பார்த்தார்கள். வெற்றிலைக் கடைக்காரன் வெற்றிலையை அவள் கையில் தர மாட்டான், பலகையில் போடுவான். தராசுக்காரத் தெருவில் ஒரு வீடு பிடித்தாள். சாமான் இறங்கின மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து, ‘பிள்ளை குட்டி இருக்கிற இடம்’ என்றார். அடுத்துப் பிடித்த வீட்டின் சொந்தக்காரர் போகச் சொல்லவில்லை. பகலில் தனியாக வந்து வேறு ஒன்று கேட்டார். அவளே போய்விட்டாள். ஆடுகிறவள் என்றால் அதற்கும் இணங்குகிறவள்தானே என்பது ஊர்க்கணக்கு. அந்தக் கணக்கோடு சண்டை போட்டுப் பார்த்து, அழுதும் பார்த்து, கடைசியில் அவள் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் சிரிப்பு பெரிய சிரிப்பு. பேண்டில் கார்னெட் ஊதின அப்பாவிடமிருந்து வந்த மூச்சு அது.

கடைசியாக இடம் கொடுத்தவள் ரோஷன் பேகம். தோல் வியாபாரியின் விதவை. ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருப்பவள். பெரிய வீட்டின் பின்கட்டைத் தனி வாசலோடு அக்னஸுக்கு விட்டாள். வாடகை பேசியபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். தான் சினிமாக் கொட்டகையைக் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. ஆகவே படம் மாறும்போதெல்லாம் அக்னஸ் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும், சண்டை வந்தால் சண்டையை நடித்தும் காட்ட வேண்டும். தெருவில் யாரோ வந்து ஆட்டக்காரிக்கு இடம் கொடுத்திருக்கிறாயே என்று கேட்டதற்கு, ‘அந்தப் புள்ளை வந்தப்புறம்தான் இந்த வீட்டுல ரௌனக், ஒரு களை வந்துச்சு’ என்று சொல்லிக் கதவைச் சாத்தினாளாம்.

இருதயநாதன் வந்தது கொட்டகையின் எண்ணெய் இஞ்சினைப் பழுது பார்க்க. நாகப்பட்டணத்துப் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றியபோது கூட்டத்தோடு வந்த பிட்டர். முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. பேச்சு குறைவு. அக்னஸ் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் அப்போது சிரிக்க மாட்டான். இரண்டு திருகாணியை முடுக்கிவிட்டு, மூன்றாவதில் திடீரென்று சிரிப்பான். அந்தத் தாமதம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் கலியாணப் பேச்சை எடுத்தபோது அவள் தன்னைப் பற்றி ஊர் சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, பொன்மலை முழுக்கப் பேசுகிறது எனக்கு மட்டும் கேட்காமலா இருக்கும், நான் இஞ்சின்காரன்தான், செவிடன் இல்லை என்றான். ஆட்டத்தை விட வேண்டுமா என்று கேட்டாள். அது உன் காலைத்தான் கேட்கணும் என்றான்.

ஓலை வாசித்த மறுநாளே அவளுக்குச் சுவாமியார் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. போனபோது தாழ்வாரத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவர் உபதேசியார் அற்புதசாமி. பாலக்கரைப் பிள்ளைகளுக்கு மந்திரமும் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுக்கிறவர். நல்ல மனிதர், கண்டிப்பானவர். அவருக்குப் பின்னால் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா விக்டரும் இன்னும் இரண்டு பேரும். சுவாமியார் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தடை என்றால் சட்டத்தில் இன்னின்னது என்று இருக்கிறது. இவளுக்கு வேறு புருஷன் உண்டா, இரண்டு பேரும் இரத்த உறவா, ஞானஸ்நானம் இல்லையா என்று அவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு என்ன என்றார். உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரறிய ஆபாசமாக ஆடுகிறவள் மாதா பீடத்துக்கு முன்னால் நின்றால் நாளைக்கு நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன சொல்வது, பிஷப்பாகிய மேற்றிராணியாருக்கு எழுதிக் கேட்காமல் மேலே வாசிக்கக் கூடாது என்றார். மேற்றிராணியாருக்கு எழுதினால் பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் நாகப்பட்டணத்திலிருந்து இருதயநாதனின் அண்ணன்மார் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்கள். அக்னஸுக்கு அது உடனே விளங்கியது.

சுவாமியார் உபதேசியாரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆபாசம்னு சொல்றீரே. நீர் பார்த்தீரா?”

கேள்விப்பட்டதுதான் என்றார் உபதேசியார். சுவாமியார் விக்டரைப் பார்த்தார். விக்டர் கூரை ஓட்டை அண்ணாந்து பார்த்தான். மற்ற இருவரும் விக்டரைப் பார்த்தார்கள்.

அக்னஸ் நாலு பேரையும் பார்த்தாள். ஆட்டத்தின்போது விளக்கு எரியும். மேடையில் நிற்கிறவளுக்கு எல்லா முகமும் தெரியும் என்பது பெஞ்சில் இருக்கிறவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. விக்டர் சனிக்கிழமை தவறாமல் வருகிறவன், தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து விசிலடிக்கிறவன். மற்ற இருவரும் நாற்காலி டிக்கெட். உபதேசியாரும் வந்திருக்கிறார். ஒரு வார்த்தை போதும், தாழ்வாரம் காலியாகிவிடும். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அப்போது விக்டர் அவளைப் பார்த்தான். கொட்டகையில் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை, கெஞ்சுகிற பார்வை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்த்தையை விழுங்கிவிட்டு வேறு ஒன்றைச் சொன்னாள்.

“சாமி, ஆம்பளைங்க யாரும் பாக்கலைன்னு சொல்றாங்க. சரி. இவங்க வீட்டுப் பொம்பளைங்க வந்து பாக்கட்டும். பாத்துட்டு அவங்க வேணாம்னா, நான் இந்தக் கோயில்ல கலியாணம் கேக்க மாட்டேன்.”

நாலு பேரும் ஒரே குரலாகக் கூடாது என்றார்கள். அந்தக் குரலில் இருந்த அவசரம் சுவாமியாருக்குப் போதுமானதாக இருந்தது போலிருக்கிறது. வியாழக்கிழமை பார்க்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நான் வாசிப்பதா இல்லையா என்று உபதேசியார் வீட்டம்மாவே வந்து சொல்லட்டும் என்று எழுந்துவிட்டார்.

இருதயநாதனுக்குக் கோபம். அவன் கோபமும் தாமதமாகத்தான் வந்தது. சாயங்காலம் கொட்டகைப் பின்புறத்தில் இஞ்சினுக்கு எண்ணெய் விட்டு முடித்தபிறகு சொன்னான்.

“கட்டிக்கப்போறது நீயும் நானும். அவங்க எதுக்கு நடுவுல?”

“குழாயடிக்குத் தண்ணிக்குப் போறது நான்தானே? நீங்களா போகப்போறீங்க?”

அவன் யோசித்தான். பிறகு, வியாழக்கிழமை இஞ்சின் நடுவில் நின்றுவிடாமல் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

ரங்கசாமி முதலியாருக்கு முதலில் தயக்கம். பெண்களை மட்டும் வைத்து ஒரு பகல் ஆட்டமா என்றார். பிறகு யோசனை வேறு பக்கம் ஓடி, படமும் சேர்த்தே போடுகிறேன் என்றார். சாக்கு, ஜமக்காளம் எல்லாம் கட்டிக் கூடாரத்து ஓட்டைகளை அடைத்தார். படம் ஓட்டுகிறவன் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. அப்துல் சலாம் ஆர்மோனியத்தோடு கூடாரத் துணியைப் பார்த்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அவர் தன் வயசுக்கு இது தண்டனையா மரியாதையா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் வண்டிகள் வந்தன. முதல் வண்டி திரை கட்டிய ஜட்கா. அதிலிருந்து ரோஷன் பேகமும் அவளுடைய நாத்தனார் ஷரபுன்னிசாவும் அந்தத் தெருப் பெண்களும் புர்காவோடு இறங்கினார்கள். கொட்டகைக்கு வரவே போவதில்லை என்றவள் வந்துவிட்டாள். பாலக்கரைப் பெண்கள் நடந்தே வந்தார்கள். முன்னால் உபதேசியார் வீட்டம்மா சூசையம்மாள், கையில் ஜெபமாலை. விக்டர் பெண்சாதி டோரதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். மணலில் ஒரு பக்கம் இவர்கள், ஒரு பக்கம் அவர்கள். நடுவில் ஆள் போகிற அளவு இடம்.

முதல் சுருள் ஓடி முடிந்து விளக்கு எரிந்தது. அக்னஸ் கவுனோடு மேடைக்கு வந்தாள். ஆர்மோனியம் எடுத்தது. காலைத் தூக்கினாள். சத்தமில்லை. எந்த இடத்தில் விசில் வருமோ அந்த இடத்தில் நிற்கப் பழகிய உடம்பு; நின்றது; விசில் வரவில்லை. மணலில் அத்தனை முகங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. தான் இத்தனை வருஷம் ஆடியது பாதி ஆட்டம்தான், மீதிப் பாதியைப் பெஞ்சில் இருந்தவர்கள் ஆடியிருக்கிறார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. டோரதி எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனாள். அவள் போன வழியை இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள்.

அப்போது புர்காக் கூட்டத்திலிருந்து ரோஷன் பேகத்தின் குரல் வந்தது. “அட, அந்த மாமியாரைக் கூப்பிடு புள்ளே. அவங்க இல்லாம வீடு எப்படி நடக்கும்?”

அக்னஸ் கவுனின் மேலேயே ஒரு துண்டை இழுத்துத் தோளில் போட்டாள். மாமியார் வந்தாள். அரிசிப் பானையை எட்டிப் பார்த்தாள், மருமகள் பின்னலை முகர்ந்து பார்த்தாள், எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை விட்டு அளந்தாள். மருமகள் இந்தப் பக்கம் அழுதுகொண்டே அந்தப் பக்கம் வாயில் எதையோ போட்டு மென்றாள். ஆண்கள் இந்த ஆட்டத்துக்குச் சும்மா இருமிக்கொண்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். இங்கே முதலில் ஷரபுன்னிசா சிரித்தாள், அதை அடக்கப் போய்ப் புரையேறியது. பிறகு இரண்டு பக்கமும் ஒரே சிரிப்பு. அடுத்த சுருள் மாட்டியாயிற்று என்று பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது; இரு அய்யா என்று பெண்கள் அதட்டினார்கள்.

கண்ணடிக்கிற ஆட்டம் எங்கே என்று யாரோ கேட்டார்கள். ஊர் பேசுவது அதைத்தானே. அக்னஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள். கண்ணடிக்க எதிரே பெஞ்சு காலியாக இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்னால் அவள் மேடையிலிருந்து இறங்கிப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சு டிக்கெட்காரனாகிவிட்டாள். முண்டாசு கட்டினாள், இந்தப் பக்கம் தெரிந்தவன் இருக்கிறானா, அந்தப் பக்கம் மச்சான் இருக்கிறானா என்று பார்த்தாள், வாயில் விரல் வைத்தாள், மேடையில் இல்லாத மிஸ் ரோஜாவைப் பார்த்து வழிந்தாள். அடுத்து, தூங்குகிறதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொன்றால் பார்க்கிறவர். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். ‘இது நம்ம வீட்டு ஆளுடீ’ என்று ஒருத்தி. அந்தச் சிரிப்பு அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அடுத்தவர் வந்தார். பல்வலிக்காரர்போல் முகத்தைக் கண்வரைக்கும் துண்டால் சுற்றிக்கொண்டவர். துண்டுக்குள்ளேயே பொடி போட்டார். தும்மினார். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு கும்பிடு. “சேசுவே”, “மரியே”, “சூசையே”.

சிரிப்பு சட்டென்று நின்றது. பாலக்கரைப் பெண்கள் எல்லாரும் சூசையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தும்மலைத் தெருவே அறியும். அக்னஸுக்கு அப்போதுதான் உறைத்தது. சுவாமியார் தாழ்வாரத்தில் நாக்கு விழுங்கியதைக் கை சொல்லிவிட்டது. துண்டை எடுக்கவும் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சூசையம்மாளின் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. ஜெபமாலையை மடியில் வைத்தாள். உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் வாயிலிருந்து ஒரு ஓசை வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு கூடாரக் காலைப் பிடித்துக்கொள்ளாமல் உட்கார முடியாத சிரிப்பு. “போன கோடையிலேயே வலிச்ச பல்லைப் புடுங்கியாச்சுன்னு சொன்னாரே” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கூடாரமே அவளோடு குலுங்கியது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்துல் சலாமுக்கு என்ன நடக்கிறதென்று தெரியவில்லை; தெரியாமலே ஒரு துரிதமான மெட்டை எடுத்துவிட்டார். ரோஷன் பேகம் எழுந்து புர்காவைக் கழற்றிக் கயிற்றில் போட்டாள். நடுவில் விட்டிருந்த இடத்தில்தான் முதலில் ஆடினார்கள். படத்தை யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் வண்டி ஏறும்போது சூசையம்மாள் மட்டும் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

“எத்தனை தரம் வந்தாரு?”

“நான் யாரு பேரையும் சொல்லலீங்க, அக்கா.”

“நீ சொல்ல வேணாம். வீட்ல நானே கேட்டுக்கிறேன்.” போகப் போனவள் நின்றாள். “அவரு கெட்ட மனுசன் இல்ல.”

“எனக்குத் தெரியும், அக்கா. ஒரு நாளும் விசிலடிச்சதில்ல.”

வெளியே இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருதயநாதன், உள்ளே என்ன அத்தனை சிரிப்பு என்று கேட்டான். அவள் சொல்ல ஆரம்பித்தாள், சொல்ல முடியவில்லை. அவளைப் பார்த்து அவன் சிரித்தான். இந்தத் தடவை தாமதமில்லை.

சூசையம்மாள் சுவாமியாரிடம் போய், வீடுகளில் நடக்கிறதுதான் அங்கேயும் நடக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொன்னாளாம். இரண்டாவது ஓலையை ஞாயிற்றுக்கிழமை வாசித்தார்கள். உபதேசியார் அன்றைக்குப் பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எல்லாம் மாறிவிடவில்லை. டோரதி அக்னஸைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனாள். வெற்றிலைக் கடைக்காரன் வெற்றிலையைப் பலகையில்தான் போட்டான். ஆனால் ரங்கசாமி முதலியார் வியாழக்கிழமை தோறும் பெண்களுக்கு மட்டும் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். அதில் கண்ணடிக்கிற ஆட்டம் என்று போடாமல், புதிய ஹாஸ்ய டான்ஸ் என்று போட்டிருந்தார். பெஞ்சு டிக்கெட்டில் முண்டாசுகள் குறைந்தன.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறு ஆவணி மழை. பூசை முடிந்து யாரும் வெளியே போக முடியாமல் ஆண்கள் வாசல் படியில் கூட்டமாக நின்றார்கள். பெண்கள் பக்கவாட்டுத் தாழ்வாரத்தில். அக்னஸ் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூசையம்மாள் பக்கத்தில் வந்து, அவளைப் பார்க்காமல், மழையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

“அந்த மாமியார் பானையை எட்டிப் பாத்துட்டு வெடுக்குன்னு திரும்புவாளே. அப்ப எந்தக் கால் முன்னால?”

“இடது கால், அக்கா. குதிகால் தரையில படக்கூடாது.”

சூசையம்மாள் ஆண்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து, கொட்டுகிற கூரைத் தண்ணீருக்குள் இடது காலை எடுத்து வைத்தாள்.